மொரீஷியஸில் ஒரு வாசிப்பு வட்டம்: அடுத்த நாவலைத் தேர்வது எப்படி?

எங்கள் வாசிப்பு வட்டம் முதன்முதலில் எடுத்த நாவல் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. பெயரைச் சொன்னவள் நான்தான். கும்பகோணத்துக்காரிக்கு அந்தப் புத்தகத்தைத் திறந்தாலே காவிரிக் காற்று வரும். ஒன்பது பேர் இருந்தோம், எல்லோரும் தலையாட்டினார்கள். ஆறு வாரம் கழித்து காத்ர் போர்னில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியபோது, முடித்திருந்தவர்கள் என்னையும் சேர்த்து இரண்டே பேர். இரண்டு பேருமே தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மற்றவர்களில் ஒரு தம்பி நாற்பதாம் பக்கத்தோடு நின்றிருந்தார். "என் தமிழ் போதவில்லை அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அந்த மன்னிப்பு இன்னும் எனக்கு உறுத்துகிறது. அவர் இந்தத் தீவில் பிறந்தவர். வீட்டில் பிரெஞ்சின் வழிவந்த தீவு மொழியான கிரியோல் பேசி, பள்ளியில் தமிழை ஒரு பாடமாக விடாமல் படித்து, தேர்வு எழுதித் தேறியவர். அவருடைய தமிழில் குறையில்லை. அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட, தஞ்சாவூர்ப் பேச்சில் ஊறிய ஒரு நாவலை முதல் புத்தகமாக நீட்டிய என் தேர்வில்தான் குறை. அதற்குப் பிறகு நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரோஸ் ஹில்லிலோ கியூர்பிப்பிலோ போர்ட் லூயியிலோ நாலு பேர் சேர்ந்து தமிழ் நாவல் படிக்கலாம் என்று நினைத்தால், எங்களுக்கு வீணான ஆறு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலில் வாசகர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த நாவல் என்ற பேச்சையே முதல் கூட்டத்தில் எடுக்காதீர்கள். அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை வேறு. ஏதாவது ஒரு நாவலிலிருந்து ஒரு பக்கத்தைப் படியெடுத்து எல்லோருக்கும் கொடுங்கள். மனத்துக்குள் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று அவரவரே ஒரு சீட்டில் எழுதி, பெயர் போடாமல் மடித்துத் தரட்டும்.

எங்கள் வட்டத்தில் வந்த எண்கள் எனக்குக் கண்ணைத் திறந்தன. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு ஒரு பக்கம் இரண்டு நிமிடம். இங்கே பள்ளியில் தமிழ் படித்தவர்களுக்கு ஆறிலிருந்து எட்டு நிமிடம். இதை வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். 180 பக்க நாவல், பக்கத்துக்கு 7 நிமிடம் என்றால் 1,260 நிமிடம். அதாவது 21 மணி நேரம். ஆறு வாரத்தில், அதாவது 42 நாளில், தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடியும். அரை மணி நேரம் கேட்கலாம், கொடுப்பார்கள். அதே கணக்கில் 600 பக்கம் என்றால் 70 மணி நேரம். வேலை முடித்து, மெட்ரோவில் வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளின் பாடத்தைப் பார்த்த பிறகு யாரால் முடியும்?

ஆகவே முதல் வருடத்துக்கு 200 பக்கம்தான் எல்லை. மெதுவாகப் படிப்பவர் முடிக்கக்கூடிய நாவலை வேகமாகப் படிப்பவர் இரண்டு முறை படிக்கலாம். இரண்டாம் முறை படித்துவிட்டு வருகிறவர் கூட்டத்தில் நல்ல விஷயங்களைப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வகையினரும் வருவார்கள். தேவாரம் பாடுவார்கள், காவடிச் சிந்து பாடுவார்கள், ஆனால் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடி வளர்ந்தவர்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். அவர்களை எப்படிச் சேர்ப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

மெலிந்த புத்தகமெல்லாம் எளிய புத்தகம் ஆகாது

இதுதான் நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் பிறந்த நாமெல்லாம் முதலில் பேசினோம், பிறகு எழுதப் படித்தோம். இங்கே பள்ளியில் தமிழ் கற்றவர்களுக்கு வரிசை தலைகீழ். வீட்டில் கிரியோல், பள்ளிப் பாடங்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும், தமிழ் வகுப்பில் மட்டும் தமிழ், அதுவும் இலக்கணமான எழுத்துத் தமிழ். 'அவன் வந்துவிட்டான்' என்றால் சட்டென்று புரியும். 'வந்துட்டான்' என்றால் ஒரு கணம் நிற்பார்கள். 'வந்துட்டாம்லா' என்று ஒரு நெல்லைக்காரன் கதைக்குள் பேசினால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி விழும். நமக்கு உரையாடல் வந்தால் வாசிப்பு வேகம் எடுக்கும். அவர்களுக்கு அங்கேதான் வண்டி சேற்றில் சிக்கும்.

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நூறு பக்கம்கூட வராது. ஜல்லிக்கட்டு நடக்கும் ஒரு பிற்பகல்தான் கதை முழுவதும். அளவைப் பார்த்து எங்கள் இரண்டாவது நாவலாக அதை எடுக்க இருந்தோம். புரட்டிப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் பேச்சு, அதிலும் வட்டாரப் பேச்சு. மாட்டின் நிறத்துக்கும் கொம்புக்கும் திமிலுக்கும் தனித்தனிச் சொற்கள். அகராதியில் தேடினாலும் பாதி கிடைக்காது. அந்த நாவலைப் பின்னால் படித்தோம், உருகிப் படித்தோம். ஆனால் அப்போது எங்களுக்கு இரண்டு வருடப் பழக்கம் ஏறியிருந்தது. ந. கல்யாணராமனின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம்.

இதற்கு எதிர்ப்பக்கம் கல்கி. 'பார்த்திபன் கனவு' பக்கக் கணக்கில் எங்கள் எல்லையைத் தாண்டும். ஆனால் அது பத்திரிகைத் தொடராக வந்த கதை. அத்தியாயங்கள் சிறியவை, ஒவ்வொன்றும் அடுத்ததைத் திறக்க வைக்கும், நடையோ பள்ளிப் புத்தகத்தில் பழகிய தெளிவான நடை. நாற்பதாம் பக்கத்தோடு நின்ற அந்தத் தம்பிதான் இதை எல்லோருக்கும் முன்னால் முடித்தார். இரவு பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி: "அக்கா, அந்தச் சிவனடியார் யாரென்று கண்டுபிடித்துவிட்டேன், சொல்லட்டுமா?" கல்கியைத் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைக்கும் தமிழ்நாட்டு நண்பர்களிடம் நான் சொல்வது இது: உங்களுக்குப் பழசாகிப்போன அந்த ருசியை ஒருவர் முப்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அனுபவிக்கிறார். அதைக் கூட இருந்து பார்ப்பதும் ஒரு வாசிப்புதான்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' இரண்டு வகையினருக்கும் பொருந்தியது. சின்ன நாவல், சின்னச் சின்ன வாக்கியங்கள், அலங்காரம் கிடையாது. சென்னையில் ஒரு தெருவே குடத்தோடு அலைகிறது. மழை வருவதற்கு முந்திய அக்டோபர், நவம்பர் மாதங்களில் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று பார்த்து எழுந்திருக்கிற நமக்கு அந்தத் தெருவை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். நாவலை ஐந்து இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு திறங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் வட்டத்தில் மெதுவாகப் படிக்கிற ஒருவரிடம் காட்டி, புரியாத சொல்லின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஐந்து கோடு வரை பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் அந்த நாவலை ஒரு வருடம் தள்ளி வையுங்கள்.

பெயர்களைச் சேர்ப்பது

ஒரு கூட்டத்துக்கு மூன்று பெயர், அதற்கு மேல் வேண்டாம். பத்துப் பெயர் வந்தால் பேச்சு வளருமே தவிர முடிவு வராது. பெயர் சொல்பவருக்கு ஒரே ஒரு நிபந்தனை: அந்த நாவலைக் கடைசிப் பக்கம் வரை அவர் படித்திருக்க வேண்டும். 'எல்லோரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க' என்பது பரிந்துரை ஆகாது.

பெயரோடு மூன்று தகவல் வர வேண்டும்: எத்தனை பக்கம், எங்கே கிடைக்கும், படித்தபோது எந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு யோசித்தீர்கள். அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், கூட்டத்தில் பேசவும் அதிகம் இருக்காது.

இங்கே பிறந்தவர்கள் பெயர் சொல்லத் தயங்குவார்கள். 'எங்களுக்கு என்ன தெரியும், நீங்களே சொல்லுங்கள்' என்பார்கள். அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ படித்து நேசித்த நாவல் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். அதன் தமிழ் மொழிபெயர்ப்பையோ, அதே உணர்வுள்ள தமிழ் நாவலையோ தேடித் தருவது மற்றவர்கள் வேலை.

எட்டுப் பிரதி எங்கிருந்து வரும்?

நாவல் மிக நல்ல நாவலாகவே இருக்கட்டும். எல்லோர் கைக்கும் வராவிட்டால் அதை வைத்து என்ன செய்வது? எங்கள் வட்டம் இதுவரை வாங்கிய அச்சுப் புத்தகம் எல்லாமே சென்னையிலிருந்து வந்தவை. ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில்தான் வரும். 200 பக்க நாவல் ஏறத்தாழ கால் கிலோ; எட்டுப் பிரதி என்றால் இரண்டு கிலோ. ஒருவர் பெட்டியில் இரண்டு கிலோ கேட்பதில் தவறில்லை, ஐந்து கிலோ கேட்டால் முகம் மாறும். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கும். அந்த நேரத்தில் ஊரில் இருக்கப்போகிறவர் யார் என்று நவம்பரிலேயே கேட்டு வைத்து, அடுத்த ஆறு மாதத்துக்கான இரண்டு மூன்று தலைப்புகளை ஒன்றாக வரவழைத்துவிடுங்கள்.

அச்சுப் பிரதி வராத காலத்துக்கு நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய எழுத்தாளர்களின் படைப்புகளை யாரும் படியெடுக்கலாம், அச்சிடலாம். கல்கி அதில் வருகிறார், ராஜம் கிருஷ்ணனும் வருகிறார். 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டம் என்னும் இணைய நூல் தொகுப்பில் பழைய நாவல்கள் பல இலவசமாகவே கிடைக்கும். இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டு அச்செடுங்கள். பள்ளிக்குப் பிறகு தமிழ் படிக்காதவர்களுக்கு எழுத்தின் அளவு ஒரு பெரிய விஷயம். பொடி எழுத்துப் பதிப்பில் திணறிய ஒருவர் இந்த அச்சில் இரட்டை வேகத்தில் படித்ததைப் பார்த்தேன்.

உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் நாவலைத் திருட்டுத்தனமாகச் சுற்றி வரும் பி.டி.எஃப். கோப்பில் படிக்காதீர்கள். தமிழில் எழுதி வாழ்வது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். எட்டுப் பிரதி விற்றால் அது அவருக்குப் பெரிய பணம் ஆகாது. ஆனால் மொரீஷியஸிலிருந்து எட்டுப் பேர் வாங்கினார்கள் என்ற சேதி போய்ச் சேரும்.

ஒரு சின்ன விஷயம்: பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். கூட்டத்தில் பேசும்போது அத்தியாய எண்ணைச் சொல்லிப் பழகுங்கள்.

இரண்டு பக்கம் உரக்க வாசியுங்கள்

முடிவெடுக்கும் நாளில் மூன்று நாவல்களின் முதல் இரண்டு பக்கத்தையும் யாராவது உரக்க வாசிக்க வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். பின்னட்டைக் குறிப்பு சொல்லாததை ஆசிரியரின் குரல் சொல்லிவிடும். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' இப்படித்தான் எங்களிடம் ஜெயித்தது. கரிசல் வழக்கு கடினம் என்று நானே அதற்கு எதிராகப் பேசியிருந்தேன். ஆனால் காதால் கேட்டபோது அது ஒரு பாட்டி கதை சொல்வது போல இருந்தது. எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள். சொந்த மண்ணை விட்டு ஓடி வந்தவர்கள் இன்னொரு மண்ணில் காட்டைத் திருத்திக் குடியேறுகிற கதை அது. தீவில் பிறந்தவர்கள் அதை என்னைவிட ஆழமாகப் புரிந்துகொண்டார்கள். 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்து, போர்ட் லூயி துறையில் இன்று ஆப்ரவாசி காட் என்று வழங்கும் அந்தப் படிகளில் ஏறியவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள் அல்லவா அவர்கள்?

பிரெஞ்சு என்னும் பாலம்

தமிழ்நாட்டு வட்டத்துக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. இங்கே பெரும்பாலும் எல்லோரும் பிரெஞ்சு படிப்பார்கள். பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்த நாவல்களும் இருக்கின்றன. ஆல்பெர் காம்யுவின் நாவலை வெ. ஸ்ரீராம் 'அந்நியன்' என்று மொழிபெயர்த்தார்; க்ரியா பதிப்பகம் வெளியிட்டது. வருடத்தில் ஒரு முறையாவது இப்படி ஒன்றை எடுங்கள். பாதிப் பேர் பிரெஞ்சில், பாதிப் பேர் தமிழில், முடிந்தவர்கள் இரண்டிலும்.

அன்றைய கூட்டத்தில் தலைகீழ் மாற்றம் ஒன்று நடக்கும். எப்போதும் சொல்லுக்குப் பொருள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பொருள் சொல்கிறவர்கள் ஆவார்கள். எங்களிடம் முதல் வாக்கியத்துக்கே அரை மணி நேரம் போனது. அதில் கதாநாயகன் தன் தாயைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் குழந்தை வாயில் வரும் சொல். ஆங்கிலத்தில் ஒருவர் அதை 'மதர்' என்று மொழிபெயர்த்தார். பின்னால் இன்னொருவர் பிரெஞ்சுச் சொல்லையே வைத்துக்கொண்டார். தமிழில் 'அம்மா' அந்த இடத்தில் எந்த உறுத்தலும் இல்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. குழந்தையும் அம்மா என்கிறது, அறுபது வயதுக்காரரும் அம்மா என்கிறார். ஆனால் அப்படி இயல்பாக உட்காருவதாலேயே அந்தச் சொல்லில் உள்ள குழந்தைத்தனம் தமிழில் தெரியாமல் போகிறதா என்று ஒருவர் கேட்டார். பிரெஞ்சு ஆசிரியை அவர்; அதுவரை எங்கள் கூட்டங்களில் வாய் திறக்காதவர்.

பிள்ளைகள் உள்ள வீடு என்றால் ச. மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்' இன்னும் நல்லது. பத்து வயதுப் பெண்ணும் அவள் தாத்தாவும் ஒரே புத்தகத்தைப் படித்துவிட்டு வரலாம்.

எது பேச வைக்கும்?

நல்ல நாவலும் வட்டத்துக்கு நல்ல நாவலும் வேறு வேறு. படித்து முடித்ததும் 'ஆகா' என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லி, பத்து நிமிடத்தில் கத்தோ பிமா என்னும் இந்த ஊர் மிளகாய் வடைக்கு எழுந்துபோக வைக்கிற நாவல்கள் உண்டு. அவை தனியாகப் படிக்க வேண்டியவை. வட்டத்துக்கு வேண்டியது, ஒரு பாத்திரம் செய்தது சரியா தவறா என்று இரண்டு கட்சி கிளம்பும் நாவல். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' அப்படி ஒன்று. மீன்பிடி வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டு வா என்று மகன் கூப்பிடுகிறான், அப்பா அசைய மறுக்கிறார். எங்கள் கூட்டத்தில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய பெற்றோரும் இருந்தார்கள், பெற்றோரை ஊரில் விட்டு வந்த என்னைப் போன்றவர்களும் இருந்தோம். அன்று தேநீர் ஆறிப்போனது.

எங்கள் தேர்வுகளிலேயே சிறந்தது எது என்று கேட்டால் தயங்காமல் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' என்பேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை நேரில் போய்ப் பார்த்து எழுதிய நாவல். பக்கம் எங்கள் எல்லையைச் சற்றுத் தாண்டியது, பேச்சுவழக்கும் உண்டு. ஆனாலும் எடுத்தோம். காரணம், நம் தீவிலேயே உப்பளம் இருக்கிறது. மேற்குக் கரையில் தமரின் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: சாலையோரம் பாத்தி பாத்தியாகக் கடல்நீர், அதில் உப்பு அள்ளித் தலையில் கூடை கூடையாகச் சுமந்த பெண்கள்.

பெரியம்மா என்று நாங்கள் கூப்பிடும் ஓர் அம்மாள் அந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர். பாதி நாவல்தான் படிக்க முடிந்தது அவரால். கூட்டத்தில் மூன்றாவது அத்தியாயத்தைப் பற்றி யாரோ பேசும்போது, கூடையிலிருந்து உப்பு நீர் வழிந்து கழுத்துத் தோல் எப்படி வெடிக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார். அவருடைய அத்தை சுமந்தவராம். பாதித் தமிழ், பாதி கிரியோல், இருபது நிமிடம். யாரும் குறுக்கிடவில்லை. அவர் முடித்த பிறகு நாவலின் அந்தப் பக்கங்களைத் திரும்ப வாசித்தோம். முதலில் படித்ததுபோல அது இல்லவே இல்லை.

ஆகவே பெயர்களை அலசும்போது இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த நாவல் நடக்கிற இடத்துக்கு நம் வட்டத்தில் யாருடைய வாழ்க்கையிலிருந்தாவது ஒரு வழி போகிறதா? பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கிய நாவல் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள்பிடித்துக் கொண்டுபோன கதை. கரும்புத் தோட்டத்தின் பேரப்பிள்ளைகளுக்கு அது தூரத்துக் கதை ஆகாது. அதைப் படித்த பிறகு எங்களில் ஒருவர் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போய், அங்கே பாதுகாக்கப்படும் குடியேற்றப் பதிவேடுகளில் தன் முன்னோரின் பெயரைத் தேடிவிட்டு வந்தார்.

புதுச்சேரியையும் இந்தத் தீவையும் இணைத்து நாகரத்தினம் கிருஷ்ணா எழுதிய 'நீலக்கடல்' நாவலை யாராவது கட்டாயம் சொல்வார்கள். சொல்லட்டும், நம் தீவைப் பற்றிய தமிழ் நாவல் அது. ஆனால் பெரிய நாவல். வட்டம் காலூன்றிய பிறகு, இரண்டு பருவமாகப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியவை

தற்கொலை, குழந்தைச் சாவு, பாலியல் வன்முறை இவை நாவலில் வருமானால் வாக்கெடுப்புக்கு முன்பே சொல்லுங்கள். கதை கெட்டுவிடும் என்று மறைக்காதீர்கள். அண்மையில் துக்கம் கண்ட வீட்டிலிருந்து ஒருவர் வந்திருக்கலாம். தனியாக என்னிடம் வந்து 'இப்போது இது வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்காமல் அந்தப் பெயரை எடுத்துவிடுவேன். கூட்டத்தில் 'பிரதி கிடைக்கவில்லை' என்று சொல்லிவிடுவேன்.

சாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழின் மிக வலுவான நாவல்கள் பலவும் சாதியைப் பேசுபவை. அவற்றைத் தவிர்த்தால் தமிழ் நாவலையே தவிர்த்த மாதிரி. ஆனால் கப்பலேறி வந்தவர்களின் குடும்பங்களில் சாதி என்ற பேச்சு நம் ஊரைப் போல இருக்காது. சிலருக்கு அது கேள்விப்பட்ட விஷயம் மட்டுமே, சிலருக்கு வீட்டில் பேசாமல் மூடி வைத்த விஷயம். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் 'நீங்கள் எந்த ஆட்கள்' என்று வாய் தவறியும் கேட்கக் கூடாது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' எடுத்தபோது நடத்துபவர் என்ற முறையில் நான் போட்ட ஒரே விதி இது: நாவலில் வரும் மனிதர்களைப் பற்றிப் பேசுவோம், உட்கார்ந்திருப்பவர்களின் குலத்தைத் தோண்ட மாட்டோம்.

வாக்கெடுப்புக்குப் புளியங்கொட்டை

கை தூக்கச் சொல்லாதீர்கள். நம் பழக்கம் தெரிந்ததுதானே? வயதில் மூத்தவர் ஒரு பெயரைச் சொன்னால் 'சரிங்க' என்று எல்லோரும் கை தூக்கிவிடுவோம். பிறகு ஆறு வாரம் யாரும் படிக்க மாட்டோம்.

நாங்கள் செய்வது இது. அடுத்த அறையில் மூன்று குவளை, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நாவலின் பெயர். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை. மூன்றையும் ஒரே குவளையில் போடலாம், பிரித்தும் போடலாம். ஒருவர் பின் ஒருவராகப் போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும். மிகுதியாக விழுந்த நாவல் அடுத்தது, இரண்டாவது வந்தது அதற்கடுத்தது. இப்படி ஒரே வாக்கெடுப்பில் மூன்று மாதத்துக்கு வழி பிறக்கும். புத்தகம் வரவழைக்க நேரமும் கிடைக்கும். மூன்றாவது வந்த நாவலைச் சொன்னவர் மனம் சுணங்கக் கூடாது. அடுத்த முறை அவர் சொன்ன நாவல் தானாகவே மூன்றில் ஒன்றாக இடம்பெறும்.

நாள் பார்ப்பது

தைப்பூசக் காவடிக்கு முந்திய பத்து நாள் விரதத்தில் பாதி வட்டம் கோயிலில் இருக்கும். அப்போது கூட்டம் வைக்காதீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளும் அப்படியே. அக்டோபர், நவம்பரில் பிள்ளைகளின் தேர்வு. ஜனவரி முதல் மார்ச் வரை புயல் அதிகம் வரும் காலம்: மூன்றாம் எச்சரிக்கை வந்துவிட்டால் வீட்டை விட்டு யாரும் கிளம்ப முடியாது. 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயியை வெள்ளத்தில் மூழ்கடித்தது நினைவிருக்கும். அந்த மாதங்களுக்கு மெலிந்த நாவல், அதுவும் கைப்பேசிக்கு முன்பே இறக்கி வைத்த நாவல். நீளமான நாவல் எடுக்க மே முதல் ஆகஸ்ட் வரை உகந்த காலம். சீக்கிரம் இருட்டும், கியூர்பிப்பில் குளிரும், போர்வைக்குள் படிக்கலாம்.

எழுத்தாளர் யாரையாவது காணொளியில் பேச அழைத்தால், இந்திய நேரத்துக்கு நாம் ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பதை மறக்காதீர்கள். நமக்கு மாலை ஐந்து என்றால் அவருக்கு ஆறரை.

தேர்ந்த அன்றே செய்ய வேண்டியது

நாவலை நான்கு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு எந்த வாரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். புரியாத சொற்களுக்கு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே கதையைப் பேசக் கூடாது, சொல்லை மட்டும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்கள் பதில் சொல்லும்போது விளக்கவுரை எழுதாமல் ஒரு வரியில் நிறுத்துவது நல்லது.

எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்கு வாரம் ஒரு நாள் மாலை தொலைபேசியில் ஒருவர் அரை மணி நேரம் வாசித்துக் காட்டுகிறோம். முறை வைத்து மாறி மாறி வாசிப்போம். கேட்பவர்களுக்காகத் தொடங்கியதுதான். ஆனால் வாசிப்பவர்களின் தமிழ்தான் அதனால் அதிகம் தேறியது.

மூன்றில் ஒரு பங்கு படித்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு என்று முதலிலேயே சொல்லுங்கள். நிறுத்தியவர் கூட்டத்துக்கு வர வேண்டும், எந்த வரியில் நிறுத்தினார் என்று சொல்ல வேண்டும். எங்கள் கூட்டங்களில் மிகச் சுவையான பேச்சு சில சமயம் அந்த வரியிலிருந்துதான் தொடங்கியிருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை எங்களுக்கு வாக்கெடுப்பு. மூன்று குவளைகளையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஒன்றின் முன்னால் வைக்க வேண்டிய சீட்டில், அந்தத் தம்பி போன வாரம் சொன்ன பெயரை எழுதியிருக்கிறேன்: 'மோகமுள்'. இந்த மூன்று வருடத்தில் அவர் அதைத் தனியாகப் படித்து முடித்திருக்கிறார்.